புரண்டால் சுற்றுகிறது, எழுந்தால் இருட்டுகிறது

கேள்வி

என் அம்மாவுக்கு வயது 76. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பெரட்டுக்குப் போய் வேலை செய்ய ஆரம்பித்தவர். முதலில் பால்வெட்டு. பிறகு பல வருடங்கள் முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடித்தார். தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனதும் எங்களோடு ஈப்போ புந்தோங்குக்கு வந்துவிட்டார். இன்றும் விடிகாலை நாலரைக்கெல்லாம் எழுந்துவிடுவார்.

நாலு மாதமாக அவருக்குத் தலைசுற்றல். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. சாமி கும்பிடக் குனிந்தாலும் வருகிறது. இது போக, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். போன மாதம் காலைப் பசியாறிவிட்டு எழுந்தவர் அடுப்படியில் விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது.

இரத்த அழுத்தம், இனிப்புநீர் இரண்டுக்கும் பல வருடமாக அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் மருந்து எடுக்கிறார். மூட்டுவலிக்கு வெளியே ஒரு கிளினிக்கில் மாத்திரை. தலைசுற்றலுக்கு அங்கே கொடுத்த மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார், நிற்கவில்லை. கழுத்தெலும்பு தேய்மானம் என்கிறார் மாமா. வயசானால் அப்படித்தான் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். பக்கவாதம் வரப்போகிறதோ என்று எனக்குப் பயம். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? ஆடியில் பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுப்பேன் என்று நிற்கிறார். விடலாமா?

வாசகி, ஈப்போ

பதில்

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எப்போது வருகிறது, எந்த நிலையில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். தலைசுற்றலில் மருத்துவருக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். 'கிறுகிறுக்குதா, மயக்கமா, தள்ளாட்டமா' என்று கேட்டு நோயைப் பிரிக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் டேவிட் நியூமன்-டோக்கர் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் அதே கேள்வியைச் சில நிமிடங்கள் கழித்துத் திரும்பக் கேட்டபோது, பாதிப்பேர் வேறு விடை சொன்னார்கள். ஆனால் எப்போது வந்தது, என்ன செய்தபோது வந்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே கிளினிக்கில் அம்மா 'தலை சுத்துது' என்றோ மலாயில் 'பெனிங்' என்றோ மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். எனக்கு எழுதியதை அப்படியே அங்கேயும் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நாலு மாதமாக, படுக்கையில் புரளும்போதும் குனியும்போதும் மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுற்றல் பக்கவாதம் அல்ல. பக்கவாதத்தால் வரும் தலைசுற்றல் திடீரென்று தொடங்கும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் விடாது. பல நேரம் கூடவே வேறு அடையாளங்களும் இருக்கும். பேச்சு குழறும், பார்வை இரண்டாகத் தெரியும், முகம் ஒரு பக்கம் கோணும், கையோ காலோ வலுவிழக்கும், விழுங்க முடியாமல் போகும். வேறெதுவும் இல்லாவிட்டாலும் ஒன்றை மறக்காதீர்கள்: திடீரென்று ஆரம்பித்த தலைசுற்றலோடு, பிடிமானம் இல்லாமல் நிற்கவோ நடக்கவோ முடியவில்லை என்றால் அதையும் பக்கவாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 999ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 'கொஞ்சம் படுத்துக்கட்டும், காலையில பார்ப்போம்' என்று விட்டால் அந்த நேரம் போய்விடும். அம்மா கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று மணி பார்த்துச் சொல்லுங்கள்; அவசரப் பிரிவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அம்மாவுக்கு ஒரு தலைசுற்றல் இல்லை, இரண்டு இருக்கின்றன. வயதானவர்களிடம் இப்படி இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு.

புரளும்போது வருவது காதிலிருந்து வருகிறது. உட்காதில் வளைந்த மூன்று குழாய்கள் உண்டு. அவற்றிலுள்ள திரவம், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கொத்தனாரின் ரசமட்டம் போல மூளைக்குச் சொல்கிறது. அவற்றின் அருகிலுள்ள ஒரு பையில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, சில நேரம் எந்தக் காரணமும் இல்லாமலோ அவற்றில் சில கழன்று இந்தக் குழாய்க்குள் இறங்கிவிடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள். அப்புறம் படுத்தாலும், புரண்டாலும், பரணைப் பார்க்க நிமிர்ந்தாலும், விளக்கேற்றக் குனிந்தாலும் துகள்கள் நகர்ந்து திரவத்தை இழுக்கின்றன. தலை அசையாமல் இருக்கும்போதே 'சுற்றுகிறது' என்று மூளைக்குச் செய்தி போகிறது. துகள்கள் அடங்கியதும் சுற்றல் நின்றுவிடும். ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது இதனால்தான். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் சுற்றலில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுவே. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இதை உறுதி செய்ய ஸ்கேன் தேவையில்லை. ஒரு பரிசோதனைக் கட்டில் போதும். 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இருவர் எழுதிவைத்த முறையைத்தான் இன்றும் செய்கிறோம். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்கவைப்போம். நோயுள்ள காது கீழே வரும்போது சில நொடிகளில் கண் பாவைகள் துடிக்கத் தொடங்கும். அம்மாவுக்கு வலது பக்கமாக இருக்கலாம் என்று உங்கள் கடிதத்திலிருந்து தோன்றுகிறது. நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ, வந்துருச்சு' என்பார். பார்க்கிற உறவினர் பயந்துபோவார்கள். எங்களுக்கோ விடை கிடைத்துவிட்டது.

மருத்துவமும் அதே கட்டிலில்தான். அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் இதை வகுத்து, 1992இல் விரிவாக வெளியிட்டார். வலது காது என்றால், வலப்பக்கம் திரும்பிப் படுத்த தலையை அப்படியே ஒரு நிமிடம் வைத்திருப்போம். பிறகு தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம். அதன்பின் உடம்பையும் இடப்பக்கமாகச் சாய்த்து, முகம் தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம். கடைசியில் எழுந்து உட்காரவைப்போம். துகள்கள் குழாயைச் சுற்றி வந்து பழைய பைக்கே போய்விடும். ஒருமுறை, அல்லது சிலமுறை செய்ததில் பத்துப்பேரில் எட்டுப்பேருக்காவது நின்றுவிடும். முதல்முறையே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் செய்தால் பயன் இல்லை. கழுத்து இறுக்கமோ விழித்திரை நோயோ உள்ளவர்களுக்கு வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும். ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டால், திரும்ப வரும்போது வீட்டிலேயே செய்துகொள்ளலாம். திரும்ப வரவும் செய்யும். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அந்தச் சத்தைக் கொடுத்தால் திரும்ப வருவது குறைகிறது என்று கொரியாவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பாட்டிமார்களுக்கு அந்தச் சோதனையையும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சுற்றலுக்கு மாத்திரை ஒன்றும் செய்யாது. துகளை இடம் மாற்ற எந்த மாத்திரையாலும் முடியாது. மூன்று மாதமாக அம்மா சாப்பிடுவது எது என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையில் புரோகுளோர்பெரசின் என்றோ சின்னரிசின் என்றோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தியோடு வரும் கடும் சுற்றலுக்குச் சில நாள் கொடுக்கும் மருந்துகள் இவை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும், நடையில் மந்தமும், உடல் விறைப்பும் வரலாம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவதையும் அதிகமாக்கலாம். தலைசுற்றலுக்கென்று கொடுத்ததே தள்ளாட்டத்தைக் கூட்டிவிடும் நிலை இது.

அம்மாவை விழவைத்தது இரண்டாவது தலைசுற்றல் என்று நினைக்கிறேன். இதைத்தான் நான் இன்னும் கவலையோடு பார்க்கிறேன்.

நாம் எழுந்து நிற்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி கால்களுக்கு இறங்கிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் சட்டென்று இறுகி, இதயம் சற்று வேகமாக அடித்து, தலைக்குப் போகும் அளவைக் காப்பாற்ற வேண்டும். வயதானால் இந்த ஒழுங்கு மந்தமாகிறது. பல வருட இனிப்புநீர் இந்த ஒழுங்கை நடத்தும் நரம்புகளையே கெடுத்துவிடுகிறது. 2019இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் செமோரிலும் கதவைத் தட்டினால், எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் பல வீடுகளில் இருப்பார்.

இதன்மேல் மாத்திரைகள். கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்து அழுத்தம் பார்க்கிறார்கள். 155 காட்டுகிறது. அளவு கூட்டப்படுகிறது, அல்லது இன்னொரு மாத்திரை சேர்கிறது. எழுந்து நின்றால் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பார்க்க, வரிசை நீண்ட காலை நேரத்தில் யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. உட்கார்ந்த அளவைச் சரிசெய்யப் போய், நின்ற அளவு தரைக்கு வந்துவிடுகிறது.

இதை நீங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கையில் கட்டும் டிஜிட்டல் அழுத்தக் கருவி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் உறவினரிடம் இரவல் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம், மேற்கையில் கட்டுவதுதான் நம்பகமானது. காலையில் எழுவதற்கு முன், அம்மா ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்கட்டும். அளவு எடுத்து எழுதுங்கள். பிறகு எழுந்து நிற்கட்டும்; நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், பின்னால் நாற்காலி இருக்கட்டும். நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அதுதான் நோய். உதாரணமாக, படுத்தபோது 148க்கு 78, நின்றபோது 116க்கு 66 என்றால் 32 இறங்கியிருக்கிறது. காலையில், பசியாறி ஒரு மணி நேரம் கழித்து, மாலையில் என்று மூன்று வேளையும் நாலைந்து நாள் எடுத்தால் படம் தெளிவாகிவிடும். நிற்கும்போதே கண் இருட்டினால் எண்ணுக்குக் காத்திருக்காமல் உட்காரவையுங்கள்.

அம்மா விழுந்த அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். இரவு முழுதும் தண்ணீர் குடிக்கவில்லை. கழிவறைக்கு எழ வேண்டுமே என்று மாலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்திருப்பார். வயதான பெண்களில் நிறையப்பேர் அப்படிச் செய்கிறார்கள். நாலரைக்கு எழுந்து குளித்து, சாமி கும்பிட்டு, ஏதாவது கூட்டிப் பெருக்கியிருப்பார். பால்வெட்டப் போன உடம்பு இருட்டிலேயே விழித்து வேலை தேடும். அதன்பின் வயிறு நிறையப் பசியாறல். கூடவே காலை மாத்திரைகள் எல்லாம் ஒரே கையாக. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தம் வயிற்றுக்குப் போவதால், வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அழுத்தம் இறங்கும். எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குவதும் காலையில்தான் மோசம். மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்தது, எழுந்தார், விழுந்தார். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை என்று நம்புகிறேன்.

இதற்குச் செய்ய வேண்டியவை எளியவைதான். விழித்ததும் கட்டிலிலேயே ஒன்றிரண்டு தம்ளர் தண்ணீர். (இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.) பிறகு கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் இருபது முப்பது முறை அசைக்கட்டும். இரண்டு நிமிடம் கழித்து, பிடித்துக்கொண்டு எழட்டும். ஒரே வேளை நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடட்டும். சாப்பிட்டதும் வேலைக்கு எழாமல் கொஞ்சம் உட்கார்ந்திருக்கட்டும். வெயிலில் துணி காயப்போடுவது, சுடுநீரில் நின்று குளிப்பது இரண்டும் அழுத்தத்தை இறக்கும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அளவைக் குறைக்கலாமா, இரவுக்கு மாற்றலாமா, நீர் மாத்திரை இன்னும் வேண்டுமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீர் மாத்திரை சிலருக்கு உடம்பில் உப்பின் அளவைக் குறைத்து, அதனாலேயே தள்ளாட்டம் தரும். ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். வீட்டில் தாத்தா யாராவது இருந்து அவருக்கு இதே தொல்லை என்றால், பிராஸ்டேட் மாத்திரையையும் சந்தேகியுங்கள். பிராசோசின், டெராசோசின் போன்றவை எழும்போது அழுத்தத்தை நன்றாகவே இறக்கும்.

உங்கள் அம்மாவின் தலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரஸ்ஸர் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடும் என்று பயந்த காலம் அது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் ஒன்று, வெளிக்கிளினிக்கில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று என்று வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு இடத்திலிருந்து வந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பையை மேசைமேல் கொட்டி, மருந்தாளரோடு உட்கார்ந்து பிரிப்பதுதான் தலைசுற்றலுக்கு நான் பார்த்த மிக நல்ல வைத்தியங்களில் ஒன்று.

அந்தப் பையில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று, மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண்ணாகி, வெளியே தெரியாமல் இரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். அது சாப்பிடாதவருக்குக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு மெதுவாக இருந்தால் சோகையாகி, எழும்போதெல்லாம் கண் இருட்டும்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஏறிய அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள். இப்படியே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, பெயர் சரியாகத் தெரியாத ஜாமு என்ற மூலிகை மருந்து, மூட்டுவலித் தூள், 'வேர் மாத்திரை'. இவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி போய்விடும், பசி எடுக்கும், முகம் உப்பும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானே சுரக்கும் இயல்பான ஸ்டீராய்டை நிறுத்திவிடுகிறது. அப்புறம் அந்த மருந்து கிடைக்காமல் போனாலோ திடீரென்று நிறுத்தினாலோ சோர்வு, வாந்தி, அழுத்த இறக்கம், சர்க்கரை இறக்கம், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மா அப்படி எதையாவது எடுத்திருந்தால் ஒளிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். பாட்டிலோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பதிவு செய்யப்பட்ட மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும்.

இனிப்புநீர் மாத்திரையிலும் கவனம் வேண்டும். கிளிக்ளசைடு, அதைவிட முக்கியமாகப் பழைய கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்கு நடுப்பகலில் தலை கிறுகிறுத்து, வியர்த்து, கை நடுங்கினால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வயதானவர்களுக்கு வியர்வை இல்லாமல் வெறும் குழப்பமாகவும் உளறலாகவும் வரலாம். விரல் குத்திப் பார்த்து சர்க்கரை (mmol/L அளவில்) 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். மைலோ கலக்கிக் கொடுப்பது நம் வழக்கம். பாலும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரை ஏறத் தாமதமாகும், ஆகவே முதலில் சர்க்கரைத் தண்ணீர். கால் மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இனிப்புநீருக்கு நீண்டகாலம் மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். பாதத்தில் உணர்வு மங்கி, தரை மெத்தென்று இருப்பதுபோல் தோன்றும். குளிக்கும்போது தலைக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார் என்றால், காதைவிடக் காலைப் பாருங்கள்.

இதயத்தை மறந்துவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பினால், படியேறும்போது மயக்கம் வந்தால், நெஞ்சு படபடத்துக் கண் இருட்டினால், இதயத் துடிப்பின் ஒழுங்கையும் இதய வால்வுகளையும் சோதிக்க வேண்டும். அழுத்தக் கருவியே நாடித் துடிப்பையும் காட்டும். அது 50க்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். காது மந்தமாகி, உள்ளே இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினால் அது வேறு காது நோய். காது மருத்துவர் பார்க்கட்டும்.

மாமா சொன்ன கழுத்தெலும்புத் தேய்மானம் 76 வயதில் யாரை எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியும். தலைசுற்றலுக்கு அது காரணமாவது அரிது. அதை நம்பி அம்மாவின் கழுத்தை யாரும் பிடித்துத் திருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் 'நொடக்'கென்று முறித்துவிடும் வழக்கம் நம் ஆண்களிடம் இன்னும் இருக்கிறது. மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகளுக்குள் ஏறிப் போகின்றன. அந்தத் திருகலில் அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. மாமாவுக்கும் சொல்லிவையுங்கள்.

அம்மா மருந்தடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாத செய்தி இது. நீங்கள் கட்டாயம் சொல்லுங்கள். தோட்டங்களில் களைக்கு அடித்தவற்றுள் பாராகுவாட் முக்கியமானது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோட்டப் பெண்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா என்ற அமைப்பு 2002இல் ஆய்வாகவே வெளியிட்டது. மலேசியாவில் பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். அந்த மருந்தோடு பழகியவர்களிடையே பார்க்கின்சன் நோய் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்தடித்தவர் எல்லாருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் பார்க்கின்சன் வந்தவர்களுக்கு எழும்போது அழுத்தம் இறங்குவதும் விழுவதும் சாதாரணம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருக்கிறதா, சும்மா இருக்கும் கை நடுங்குகிறதா, பாதம் தேய்த்து நடக்கிறாரா, ஊதுவத்தி வாசம் தெரியவில்லை என்கிறாரா என்று கவனியுங்கள். இந்த மக்கள் உடம்பை விட்டுக்கொடுத்துத்தான் இந்த நாட்டின் தோட்டங்கள் லாபம் பார்த்தன. முதுமையில் அவர்களுக்கு ஒரு முழுமையான பரிசோதனையாவது கிடைக்க வேண்டும்.

ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. விழுந்தபோது நெற்றியில் பட்டதால் ஒன்று மட்டும்: இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தாலோ, அதற்குப் பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கமும் குழப்பமும் அதிகமானாலோ உடனே எடுத்தாக வேண்டும்.

பால்குடம் இந்த ஆடியில் வேண்டாம். விரதம், வெயில், தலையில் பாரம், அண்ணாந்து பார்ப்பது, கூட்டத்தில் நெடுநேரம் நிற்பது என்று அம்மாவின் இரண்டு தலைசுற்றலுக்கும் வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் கோயிலுக்குப் போகவே கூடாது என்று தடுத்துவிடாதீர்கள். தோட்டம் போனபின் அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் நாள் அது ஒன்றுதான். உட்கார நாற்காலி, தண்ணீர், நிழல், பக்கத்தில் நீங்கள் என்று இருந்தால் போய் வரட்டும். காதுக்கு மருத்துவம் முடிந்து, நின்ற அளவும் சீரானால் அடுத்த ஆடியைப் பற்றி அப்போது பேசலாம்.

அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். ஒருமுறை விழுந்தவர் திரும்ப விழும் வாய்ப்பு அதிகம். நீங்கள் உடன் போங்கள். மருந்துப் பையையும், படுத்த அளவும் நின்ற அளவும் எழுதிய தாளையும் கொடுங்கள். படுக்கவைத்துக் காது பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின், சிறுநீரகம், உப்பு, சர்க்கரை, பி12 இருக்கட்டும். அரசின் உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலும் இலவசமாக அடிப்படைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். உங்களுக்கே தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை குளியலறையில் வழுக்காத விரிப்பு, சுவரில் ஒரு பிடி, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுதும் எரியும் சின்ன விளக்கு ஆகியவற்றை இன்றே செய்துவிடலாம்.